பாம்புக் கூண்டுக்கு எந்தப் படுகை வாங்கலாம்: மட்டைத் துண்டு முதல் வெள்ளைக் காகிதம் வரை

பால் பைத்தான் (ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை வளர்ப்பவர் தேங்காய் மட்டைத் துண்டு வாங்கலாம். கார்ன் ஸ்நேக்கோ ஹாக்நோஸோ வளர்ப்பவருக்கு ஆஸ்பென் மரச்சீவல் சரி. வீட்டுக்குப் புதிதாக வந்த பாம்பு எந்த இனமானாலும் முதல் மூன்று மாதம் வெள்ளைக் காகிதத்தில்தான் இருக்க வேண்டும். கடையில் நின்றுகொண்டு படிப்பவருக்கு இவ்வளவு போதும். காரணம் தெரிந்து வாங்க நினைப்பவருக்காக மீதியை எழுதுகிறோம்.

பெட்டிங், சப்ஸ்ட்ரேட் என்று கடைகளில் விற்பதை இங்கே படுகை என்று சொல்லிக்கொள்வோம். இது பிரிட்டன், அமெரிக்கா, கனடா போன்ற, இவ்வகைப் பாம்புகளைச் சட்டப்படி வளர்க்க முடிகிற இடங்களில் இருப்பவர்களுக்கானது. இந்தியாவில் நம் மண்ணின் பாம்புகளைப் பிடித்து வளர்க்க 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. சிங்கப்பூரில் பாம்பை வீட்டில் வளர்க்கவே அனுமதி இல்லை.

படுகைக்கு மூன்று வேலைகள். ஈரத்தைப் பிடித்து வைப்பது, பாம்பு நுழைந்து ஒளிய இடம் தருவது, கழிவை ஓரிடத்தில் நிறுத்துவது. இவற்றில் ஈரம்தான் பெரும்பாலும் கோட்டைவிடப்படுவது. பால் பைத்தானின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. புல்வெளி நாடுதானே, வறட்சி தாங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பாம்பு பகலைக் கழிப்பது எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும். மேலே புல் காய்ந்து கிடந்தாலும் வளைக்குள் காற்று ஈரமாகவே இருக்கும். வீட்டுக் கூண்டில் 60 முதல் 80 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்பது அதனால்தான். அது கிடைக்காதபோது சட்டை ஒரே உரியாகக் கழலாமல் கிழிந்து கிழிந்து ஒட்டிக்கொள்கிறது. கண்ணை மூடியிருக்கும் செதில் உரியாமல் தங்கிவிடுகிறது. வால் நுனியில் வளையமாகத் தங்கும் பழைய தோல் இரத்த ஓட்டத்தை இறுக்கி நுனியையே சாகடிக்கும். ஈரம் கூடிப் போனாலும் ஆபத்து: நனைந்த தரையிலேயே கிடக்கும் பாம்பின் வயிற்றுச் செதில்கள் பழுப்பாகி, கொப்பளித்து, புண்ணாகும். ஆகவே நமக்கு வேண்டியது அடியில் ஈரமும் மேலே உலர்வுமாக இருக்கிற படுகை. சந்தையில் இருக்கும் பைகளில் இதைச் சிரமமில்லாமல் செய்வது மட்டைத் துண்டு ஒன்றுதான்.

தேங்காய் உரிமட்டையை நாரோடும், நாருக்கு நடுவே பஞ்சுபோல இருக்கும் சோற்றோடும் சிறு சதுரங்களாக நறுக்கி, காயவைத்து, அழுத்திக் கட்டியாக்கி விற்கிறார்கள். அமெரிக்காவில் ரெப்டிசிப் போன்ற பெயர்களில் வருவது இதுதான். துண்டின் உள்ளே இருக்கும் சோறு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் காற்று போய்வருகிறது. அதனால் எளிதில் பூஞ்சணம் பிடிப்பதில்லை. கையில் எடுத்தால் தூசு பறக்காது. பாம்பு துண்டுகளை இறைக்காமல் நகரும், தலையை நுழைத்துக்கொள்ளும். வளை தோண்டினால் மட்டும் நிற்காது, சரிந்துவிடும். பால் பைத்தான் தானாக வளை தோண்டுவதைவிட இருக்கிற பொந்தில் புகுவதையே விரும்பும் பாம்பு என்பதால் அதற்கு இது குறையாகாது. ஹாக்நோஸுக்குக் குறைதான்.

அளவைக் கணக்கிடுவது எளிது. கூண்டின் நீளம், அகலம், படுகையின் ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 120 × 60 கூண்டில் 10 செ.மீ. ஆழத்துக்கு 72 லிட்டர். அழுத்திய 5 கிலோ கட்டி ஒன்று ஊறி விரிந்தால் ஏறத்தாழ இந்த அளவுக்கு வரும். அமெரிக்கப் பைகளில் குவார்ட் என்று போட்டிருக்கும். ஒரு குவார்ட்டை 0.95 லிட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். 24 குவார்ட் பை கிட்டத்தட்ட 23 லிட்டர்தான். செல்லப்பிராணிக் கடையில் சின்னப் பைகளாக நான்கு வாங்குவதைவிட ஒரு பெரிய கட்டி எப்போதும் மலிவு.

ஊறவைப்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. பொட்டலத்தில் போட்டிருக்கும் தண்ணீர் அளவு பெரும்பாலும் செடிக்கானது. அதை அப்படியே ஊற்றினால் படுகை சொதசொதவென்று ஆகிவிடும். பெரிய தொட்டியில் கட்டியை வைத்து, 10 லிட்டர் வெதுவெதுப்பான நீரை ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். கட்டியைப் பிரித்துவிட்டு, காய்ந்த இடங்களுக்கு மட்டும் ஒவ்வொரு லிட்டராகச் சேருங்கள். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. தாரை வடிந்தால் தார்ப்பாயில் பரப்பி ஒரு நாள் காயவிட்டு, பிறகுதான் கூண்டில் போட வேண்டும்.

இங்கே உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சேதி. தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் உண்டு. கழிமுக உவர்நீரில் ஊறவைத்த மட்டையில் இன்னும் கூடுதல். ஏற்றுமதிக்காரர்கள் நல்ல நீரில் அலசி, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனை (ஈசி) அளந்து, குறைந்த ஈசி, கூடிய ஈசி என்று தரம் பிரிக்கிறார்கள். தோட்டக்கலைக் கட்டி வாங்குவதானால் அலசியது, குறைந்த ஈசி என்று போட்டிருப்பதையே எடுங்கள். அப்படி எதுவும் போடாத கட்டியை இரண்டு முறை நிறைய நீரில் ஊறவைத்து வடித்தபின் பயன்படுத்தலாம். வடிநீர் கடுந்தேநீர் நிறத்தில் வரும். அது டானின் கறை. பாம்புக்கு ஒன்றும் செய்யாது, வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டில் மட்டும் கறை தங்கும். இன்னொன்று: இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வரும் தோட்டக்கலைச் சரக்கில் உரம் கலந்ததும் மக்கவைத்ததும் உண்டு. நம் ஊர் முறையில் நார்க்கழிவை மக்கவைக்க யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் சேர்ப்பார்கள். செடிக்கு அருமையான சரக்கு, பாம்புக் கூண்டுக்கு ஆகாது. மக்காத, உரம் சேராத சரக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

கூண்டில் பரப்பியபின் ஈரத்தைக் காக்க, தெளிப்பானை எடுத்து மேலே தெளிக்கக் கூடாது. தெளித்தால் ஈரமானியின் முள் ஏறும், ஒரு மணி நேரத்தில் இறங்கும், நடுவில் பாம்பு கிடக்கும் மேற்பரப்புதான் நனையும். குளிர்ந்த பக்கத்து இரண்டு மூலைகளிலும் அரை அரை லிட்டர் ஊற்றுங்கள். நீர் அடியில் இறங்கிப் பரவும், மேலே உலர்ந்தே இருக்கும். மறுநாள் விரலை அடிவரை விட்டுப் பாருங்கள்: அடியில் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் நீர் தேங்கக்கூடாது. அடி காய்ந்தபிறகுதான் அடுத்த முறை ஊற்றுவது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது கூண்டின் காற்றோட்டத்தையும் வீட்டு ஹீட்டரையும் பொறுத்தது. கனடாக் குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை தேவைப்படுவது இலண்டன் கோடையில் மாதம் ஒருமுறை ஆகலாம். கம்பிவலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டி என்றால், மூடியில் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மறைக்காமல் எந்தப் படுகையும் ஈரம் நிறுத்தாது. விளக்கு இருக்கும் இடத்தில் மட்டும் தாள் படக்கூடாது. ஈரமானியும் ஒட்டுகிற வட்டமுள் வகையாக வேண்டாம். நுனிக்கம்பி உள்ள டிஜிட்டல் கருவியைக் குளிர்ந்த பக்கத்தில் படுகை மட்டத்திலேயே வையுங்கள்.

கோகோபீட் என்று தூளாக வருவது, அதாவது ஜூ மெட் ஈகோ எர்த், எக்ஸோ டெர்ரா பிளாண்டேஷன் சாயில் வகை, தனியாகப் போட அவ்வளவு ஏற்றதல்ல. ஈரமாக இருக்கும்வரை நல்ல மண் மாதிரி இருக்கும். காய்ந்ததும் தூசாகி நாசித் துளையிலும், பைத்தானின் உதட்டில் வரிசையாக இருக்கும் வெப்ப உணர்குழிகளிலும் அடைகிறது. தண்ணீர்க் கிண்ணமும் தினம் சேறாகிவிடும். ஆனால் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, தூள் ஒரு பங்கு என்று கலந்தால் துண்டுகளின் இடைவெளியைத் தூள் நிரப்பிக்கொள்ளும். ஈரம் இன்னும் நீடிக்கும், பாம்பு தோண்டும் பள்ளமும் ஓரளவு நிற்கும். 650 கிராம் கட்டி 7 முதல் 8 லிட்டர் தரும். 72 லிட்டர் படுகைக்கு அதில் மூன்று போதும்.

அடுத்தது, எந்தப் படுகை வாங்கினாலும் பொருந்தும் எச்சரிக்கை. கூண்டின் அடியில் ஒட்டும் ஹீட் மேட் (மின்சூட்டுப் பாய்) வைத்திருப்பவர்கள் 10 செ.மீ. படுகை போடக்கூடாது. படுகை கம்பளிபோல வெப்பத்தை மேலே விடாமல் தடுக்கும். கண்ணாடி சூடேறிக்கொண்டே போகும். மேலே தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாம்பு சூடு தேடி அடிவரை தோண்டிப் போய்க் கண்ணாடியிலேயே படுக்கும். வயிறு வெந்தாலும் விலகாமல் கிடக்கிற பாம்புகள் உண்டு. தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைப் படுகையின் மேலே வைத்தால் நிலைமை இன்னும் மோசம்: மேலே 32 டிகிரி வரும்வரை மேட்டை அது எரியவிட்டுக்கொண்டே இருக்கும், கீழே கண்ணாடி அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொதிக்கும். மேட் வைத்தால் உணர்முனை மேட்டுக்கு நேராகக் கண்ணாடியை ஒட்டியே இருக்க வேண்டும், வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, அந்தப் பக்கம் படுகை 1 அல்லது 2 செ.மீ. போதும். ஆழமான படுகைதான் வேண்டும் என்றால், வெப்பத்தை மேலிருந்து தருவதற்கு மாறுங்கள்: ஹாலஜன் விளக்கோ, ஒளி இல்லாமல் சூடு மட்டும் தரும் டீப் ஹீட் புரொஜெக்டரோ, கம்பிக் கூட்டுக்குள், தெர்மோஸ்டாட்டோடு. பல கடைகள் மேட்டையும் ஆழமான படுகைக்கான பையையும் ஒரே தொகுப்பாகக் கட்டி விற்பது பெரும் வருத்தம் தருகிறது.

ஆஸ்பென் கார்ன் ஸ்நேக்குக்கு ஏன் பொருந்துகிறது என்றால், அதற்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதமே போதும். தவிர அது சுரங்கம் போடும் பாம்பு. ஆஸ்பென் பாப்லர் வகை மரம். நறுமண எண்ணெய் மிகக் குறைவு என்பதால் ஆய்வகங்களில் எலிகளுக்கும் இதைத்தான் இடுகிறார்கள். வாங்கும்போது நீள இழைகளாகச் சீவியதா, சிறு சில்லாக நறுக்கியதா என்று பாருங்கள். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் சுரங்கம் இடியாமல் நிற்கும். சானி சிப்ஸ் போன்ற சில்லுகளில் அது நிற்காது. ஆனால் கழிவைச் சல்லடைக் கரண்டியால் எடுப்பது சுலபம், குட்டிகளின் சிறு டப்பாக்களுக்குச் சில்லே வசதி. கூண்டில் கொட்டியபின் கையால் இரண்டு மூன்று முறை அழுத்திவிடுங்கள். அழுத்தாமல் விட்ட ஆஸ்பெனில் பாம்பு நடந்தாலே பள்ளம் விழும். ஆழம் 8 செ.மீ.க்குக் குறையக்கூடாது. ஹாக்நோஸுக்கு 10 நல்லது.

ஆஸ்பெனின் பெரிய குறை, நனைந்தால் தாங்காது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்த இடத்தில் இரண்டு மூன்று நாளில் புளித்த வாடை வரும், அப்புறம் கறுப்பும் சாம்பலுமாகப் பூஞ்சணம் படரும். காயட்டும் என்று விடாதீர்கள். நனைந்த இடத்தையும் அதைச் சுற்றி ஒரு கை அகலத்தையும் அன்றே அள்ளிப் போட்டுவிட வேண்டும். கிண்ணம் கனமான பீங்கானாக இருக்கட்டும். ஒரு ஓட்டுச் சில்லின்மேல் வைத்தால் கசிவு படுகைக்குப் போகாது. சட்டை உரிக்கும் நாட்களில், கண் பால்நிறமானதும், மூடியுள்ள டப்பாவில் துளையிட்டு ஈரப் பாசி நிரப்பி ஒரு பக்கம் வைத்துவிட்டால் கார்ன் ஸ்நேக் தானே போய்ப் புகுந்துகொள்ளும். முழுப் படுகையையும் நனைக்க வேண்டியதில்லை. பால் பைத்தானுக்கு ஆஸ்பென் போட்டுவிட்டு ஈரப்பதத்துக்காகத் தினமும் தெளித்துக்கொண்டிருப்பது இரண்டு பக்கமும் நட்டம்: ஈரமும் நிற்காது, பூஞ்சணமும் வரும்.

இரை கொடுக்கும்போது ஆஸ்பென் இழை வாயில் ஒட்டும் என்பது பலரின் பயம். உறைநிலையிலிருந்து இளக்கிய எலியைத் தாளில் ஒற்றி ஈரம் போக்கி, ஒரு தட்டையான கல்லின்மேலோ ஓட்டின்மேலோ கொடுத்தால் அது பெரிதும் குறையும். ஒன்றிரண்டு இழை உள்ளே போனாலும் தண்ணீர் குடித்து நன்றாக இருக்கிற பாம்பு கழிவோடு வெளியேற்றிவிடும். வாயோரத்தில் குச்சி குத்தி நின்றால் மட்டும் பார்த்து எடுக்க வேண்டும்.

மரப்பட்டை வகைகளில் ரெப்டிபார்க் எனப்படும் ஃபிர் பட்டை பார்வைக்கு அழகு, ஈரமும் தாங்கும். ஆனால் துண்டு பெரிது, விலை கூட, தனியாகப் போட்டால் அடிவரை காய்ந்துவிடுகிறது. மட்டைத் துண்டோடு கால் பங்கு கலக்க நன்று. சைப்ரஸ் மல்ச் எனப்படும் மரத்துருவல் அமெரிக்கத் தென்மாநிலங்களின் சதுப்பு நிலத்து மரத்திலிருந்து வருவது. ஜூ மெட் ஃபாரஸ்ட் ஃப்ளோர் அந்த வகை. ஈரத்துக்குக் கெட்டி, போவாக்களுக்குப் பிடித்தமானது. இருந்தும் நாங்கள் மட்டைத் துண்டையே முன்னே வைக்கிறோம்: வெள்ளத்தைத் தாங்கி நிற்கும் சதுப்புக் காட்டை மல்ச்சுக்காக வெட்டுவது அங்கே நீண்டகாலச் சர்ச்சை, தேங்காய் மட்டையோ காய் உரித்தபின் மிஞ்சுவது. தோட்டக் கடையில் மலிவாகக் கிடைக்கும் சைப்ரஸ் பையில் வேறு மரம் கலந்திருக்கலாம், சாயமும் ஏற்றியிருக்கலாம். பையின் பின்பக்கத்தைப் படிக்காமல் எடுக்க வேண்டாம்.

சீடார் சீவல் வேண்டவே வேண்டாம். பூச்சியை விரட்டும் அந்த வாசனைதான் ஆபத்து: ஆவியாகும் எண்ணெய்கள் மூடிய கூண்டில் தங்கி நுரையீரலைத் தாக்கும். மேற்கத்திய செஞ்சீடாரை அறுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கே அதன் தூசால் ஆஸ்துமா வருவது மருத்துவத்தில் நன்கு பதிவானது. பைன் சீவல் சூளையில் உலர்த்தியது என்றால் பரவாயில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆஸ்பென் பக்கத்திலேயே கிடைக்கும்போது அந்த வாதத்தில் இறங்கத் தேவையில்லை. வால்நட் ஓட்டுத் தூள் கூர்மையானது. மக்காச்சோளக் கதிர்த்துண்டு வயிற்றுக்குள் போனால் ஊறிப் பெருத்து அடைக்கும். கால்சியம் மணல் ஈரம் பட்டதும் கட்டி தட்டும். துணிக் கம்பளத்தில் நூல் செதிலிலும் பல்லிலும் மாட்டும், கழிவு நெசவுக்குள் இறங்கி நாறும்.

கென்யச் சாண்ட் போவாவுக்குப் பெயரைப் பார்த்து வெறும் மணல் வாங்கிவிடுகிறார்கள். உரமும் பெர்லைட்டும் கலக்காத மேல்மண் ஆறு பங்கு, குழந்தைகள் விளையாடுவதற்கென்று விற்கும் கழுவிய மணல் (ப்ளே சாண்ட்) நான்கு பங்கு கலந்து, லேசாக ஈரப்படுத்தி அழுத்தி, காயவிட்டால் வளை நிற்கும் தரை கிடைக்கும். ஆஸ்பெனும் அதற்கு ஒத்துவரும். மண்ணும் இலைச்சருகும் மரப்பேன்களும் ஸ்பிரிங்டெயில் என்ற நுண்ணுயிர்ப் பூச்சிகளும் சேர்ந்து கழிவைத் தின்று தீர்க்கும் பயோஆக்டிவ் கூண்டு தனி உலகம். பாம்பை விடுவதற்கு முன் ஒரு மாதமாவது அது தானே ஓட வேண்டும். முதல் பாம்பு வாங்குபவர் அதில் தொடங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பராமரிப்பு: கழிவைப் பார்த்த அன்றே, சுற்றிலும் 5 செ.மீ. படுகையோடு எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புக் கட்டி போன்ற வெள்ளைப் பகுதி யூரேட், அதுவும் கழிவே. இப்படிச் செய்துவந்தால் ஆஸ்பெனை ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறையும், மட்டைத் துண்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் முழுவதும் மாற்றினால் போதும். மாற்றும் நாளில் கூண்டை முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, யூரேட் சுவடே இல்லாமல் போக்கியபிறகுதான் பிளீச் கரைசல் தொட வேண்டும். யூரேட்டில் அம்மோனியா சேர்மம் உண்டு. பிளீச்சோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். பிளீச் ஒரு பங்கு, நீர் பத்துப் பங்கு, பத்து நிமிடம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசி, முழுக்க உலர்த்துங்கள்.

கடைசியாகக் காகிதம். அச்சு இல்லாத செய்தித்தாள் சுருளும் சமையலறைத் தாளும்தான் இருப்பதிலேயே மலிவு. அழகும் இல்லை, ஈரமும் நிற்காது, ஒளிய வழியும் இல்லை. ஆகவே பாம்பின் உடல் சரியாக அடங்குகிற ஒளிவிடம் சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர் பக்கம் ஒன்று கட்டாயம் வேண்டும். பால் பைத்தான் என்றால் ஈரப் பாசி டப்பாவும் சேர்த்து. காகிதத்தின் பலம் அதில் எதுவும் மறையாது என்பதே. பாம்பு உண்ணிகள் மிளகுத் தூள்போலச் சின்னதாக, கருப்பாக, வெள்ளைத் தாளில் நகர்வது தெரியும். தண்ணீர்க் கிண்ணத்தில் மூழ்கிக் கிடக்கும். மட்டைத் துண்டில் அதே உண்ணி முட்டையிட்டுப் பெருகியபிறகுதான் கண்ணில் படும். மட்டைத் துண்டில் வெளிர் நிறத்தில் மெல்ல ஊரும், பாம்பின்மேல் ஏறாத சிறு பூச்சிகள் வேறு. அவை மக்கும் மரத்தைத் தின்பவை, தீங்கில்லை. காகிதத்தில் கழிவின் நிறமும் இறுக்கமும், வாயிலிருந்து வழியும் சளியும் அன்றன்றே தெரிந்துவிடும். 90 நாளில் பாம்பு நான்கைந்து முறை தவறாமல் இரை எடுத்து, ஒருமுறையாவது மூக்கிலிருந்து வால் நுனிவரை, இரண்டு கண் செதில்களோடும், சட்டையை முழுசாக உரித்து, கிண்ணத்திலும் உண்ணி எதுவும் இல்லை என்றால், மறுநாளே மட்டைத் துண்டையோ ஆஸ்பெனையோ பரப்பிவிடலாம். ஒளிவிடங்களையும் கிண்ணத்தையும் பழைய இடங்களிலேயே வையுங்கள், ஒரு வாரம் கையில் எடுக்காதீர்கள்.